புளி போட்டு விளக்கிய பெட்டி

காலையில் முதலில் என் மேசைக்கு வந்தது ஒரு பை நிறைய சட்டைப் பித்தான்கள். அத்தனையும் பிளாஸ்டிக். சொன்னதும், கொண்டுவந்தவர் என் கண்ணில்தான் கோளாறு என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். சிப்பி ஓடு மதிப்பீட்டு நிலையத்தில் இது வாடிக்கை. சீப்பு, மோதிரக்கல், குங்குமச் சிமிழ் என்று தூத்துக்குடியே எதையாவது தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். முக்கால்வாசி போலி. உள்ளதை உள்ளபடி சொல்வது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கடல் அமிலமாகி இரண்டு தலைமுறை ஆகிறது. முதலில் சிப்பிகளின் ஓடு கரைந்தது, பிறகு சிப்பியே இல்லாமல் போனது. மேட்டுநிலத்தில் கரு வளர்க்கும் தொட்டிகள் கட்டி அவற்றை மறுபடி உண்டாக்கப் பார்க்கிறார்கள். அதற்குப் பழைய ஓட்டில் உறைந்திருக்கும் உயிர்ப்புரதம் வேண்டும். நல்ல ஓடு கொடுப்பவர்களுக்கு, ஓட்டின் அளவுக்கேற்ப இத்தனை பேர் என்று, மேட்டுநிலத்தில் குடியேற அனுமதி கிடைக்கும். மற்றவர்கள் இந்த மஞ்சள் காற்றைக் குடித்துக்கொண்டு கரையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அடுத்து வந்தவள் ஜெரோசின். ஒரு பொருளுக்கு ஒருவர்தான் உள்ளே வரலாம் என்பதால், அவள் கணவன் இன்னாசி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். அவன் தோளில் கிடந்த மகள் அமலி இருமிக்கொண்டிருந்தாள். கரையில் பிறந்த பிள்ளைகளின் இருமல் எனக்குத் தெரியும். அந்த இருமலோடு பத்து வயதைத் தாண்டியவர்கள் குறைவு.

"எங்க பூட்டன் கப்பல்ல வேல பாத்தாவ சார். ஜப்பான்ல வாங்குனதாம்" என்று துணியைப் பிரித்தாள்.

கறுப்பு அரக்குப் பெட்டி. மூடியில் சிப்பி பதித்த திராட்சைக் கொடி, அதில் ஏறும் அணில்கள். ஒவ்வொரு திராட்சையும் தனித்தனியாக வெட்டிப் பதித்தது. அசல் ஜப்பானிய வேலை. இப்படி ஒன்றுக்காகத்தான் இத்தனை வருடம் போலிப் பித்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் சாய்த்துப் பார்த்தபோது பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்ன வேண்டிய ஓடு, சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிக் கிடந்தது. அரக்கு முழுக்கக் கீறல்.

"இத எதை வெச்சுத் துடைச்சீங்க?"

"அமலி அப்பாதான் விளக்குனாவ. பளபளன்னு இருந்தா நல்ல மதிப்புப் போடுவாவன்னு, ரேசன் புளி முழுசையும் கரைச்சுப் பூசி ஊற வெச்சு, தேங்கா நார வெச்சுத் தேச்சாவ. கோயில் பித்தள மெழுகுதிரித் தண்டெல்லாம் அவியதான் விளக்குவாவ, சார்."

பெட்டியை, ஓட்டில் உயிர்ப்புரதம் எவ்வளவு என்று அளக்கும் ஓடுமானிக்குள் வைத்தேன். புளியின் அமிலத்தில் மேல்பக்கம் செத்துவிட்டது. நான்கு பக்கவாட்டுக்கும் அதே கதி. மூடியின் உட்புறத்தில் மட்டும் ஒரு சின்ன அணில் இருந்தது. அங்கே புளி படவில்லை.

"ஒரு அனுமதிக்குத் தேறும்மா" என்றேன்.

"விளக்காமக் கொண்டாந்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் உண்மைதான் வந்தது. "மூணு பேருமே போயிருக்கலாம்."

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். இன்னாசி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினாள்.

"பிள்ள போட்டும். அவியகிட்டப் புளியப் பத்திச் சொல்லிராதீங்க சார். ஓடே மட்டம்னு சொல்லிருங்க. பிள்ளையும் போயி, இதுவும் தெரிஞ்சா அந்த மனுசன் உசுரோட இருக்க மாட்டாவ."

அன்றுவரை அசல் ஓட்டைப் போலி என்று நான் சொன்னதே இல்லை. இன்னாசியை உள்ளே அழைத்து, மூடியின் உட்புறம் மட்டும்தான் அசல், மற்றதெல்லாம் கலப்பட ஓடு என்றேன். ஒருவருக்குத்தான் அனுமதி, இன்றைய பஸ்ஸிலேயே போக வேண்டும், கரைக்காரர்கள் பின்னால் போய்ப் பார்க்க முடியாது என்ற விதியையும் சொன்னேன்.

அவன் பெட்டியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"ஏட்டி, ஒம் பூட்டன் லட்சணம் இதுதானா? போலியக் கொண்டாந்து தலைமுறை தலைமுறையா ஏமாத்திருக்கியளே. நா கை தேயத் தேய விளக்குனேனே."

"ஆமா. எங்க ஆளுவ ஏமாந்துட்டாவ" என்றாள் ஜெரோசின்.

பஸ் வாசலில்தான் நின்றது. என் மேசையிலிருந்து எல்லாம் தெரிந்தது. படியில் ஏறிய அமலி திரும்பி, "நீங்க ரெண்டு பேரும் அடுத்த பஸ்ஸா?" என்று கேட்டாள்.

"ஆமா மக்கா, அடுத்த பஸ்ஸு. சன்னல் பக்கமா உக்காந்துக்க" என்றாள் ஜெரோசின்.

இன்னாசி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றான். கதவு மூடி வண்டி நகர்ந்ததும் துண்டை எடுத்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தான். அவள் பூட்டனை, அப்பனை, அவள் பிறந்த தெருவை, அவளை. எழுந்து போய்ப் புளியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அவன் வாய் அடைத்துப் போகும். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஆயுசு முழுக்கத் திட்டுவதற்கு அவனுக்கு ஓர் ஆளாக அவள் தன்னையே கொடுத்துவிட்டாள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே, அவன் பின்னால் வீட்டுக்கு நடந்தாள்.