பின் மட்கார்டு சிவப்பு

"அண்ணே, சைக்கிளுக்குச் செத்த ஒதுங்கிப் போங்க," என்றாள் காளீஸ்வரி.

கிளாட்வின் வேனின் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தான். ரோட்டில் சைக்கிளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஹெட்லைட் வெளிச்சத்தில் வெள்ளையடித்த புளியமரங்களும் ஓரத்து மணலும்தான் தெரிந்தன. தூக்கக் கலக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டு மில்லில் ரெண்டாம் ஷிப்ட் பெண்களை ஏற்றி, ராஜபாளையத்தில் ஒவ்வொருத்தராக இறக்கி, கடைசியாக இவளைச் செட்டியார்பட்டியில் விட வேண்டும். மற்றவர்கள் இறங்கியாச்சு, இவள் மட்டும்தான் பாக்கி. மாற்று டிரைவர் வராததால் காலையிலிருந்து இவனேதான் ஓட்டுகிறான். இடுப்பு விட்டுப்போயிருந்தது, கண்ணில் மிளகாய்ப்பொடி பட்ட மாதிரி எரிச்சல், போதாததற்கு வேனுக்குள் பஞ்சுத் தூசியும் வாடின மல்லிகையும் வேர்வையும் கலந்து நெடி அடித்தது.

இவள் வண்டியில் ஏறுவதே அவனுக்கு வேதனையாக இருந்தது. போன மாதம் இதே ரோட்டில் ஏதோ லாரி அடித்துச் செத்த இசக்கிமுத்துவின் பெண்டாட்டி. அவன் பார்த்த வேலையைத்தான் மில்லில் இவளுக்குக் கொடுத்திருந்தார்கள். லாரிக்காரனை ஊரே ஏசியது. இசக்கிமுத்து சைக்கிளின் பின் மட்கார்டில் போலீஸ்காரர்கள் ஒட்டிவிட்ட, வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்புப் பட்டை எங்கே போனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அது கிளாட்வினுக்குத்தான் தெரியும். மறுநாள் வேனை எஃப்.சி. சோதனைக்குக் காட்ட வேண்டியிருந்தது; ரிஃப்ளெக்டர் பட்டை ஒரு சாண் பத்தவில்லை, கடையும் அடைத்தாச்சு. மில் ஸ்டாண்டில் அந்தச் சைக்கிள் நின்றது. நகத்தால் உரித்து வேனில் ஒட்டினான். நாளைக்கு வேறு ஒட்டிக்கொடுத்தால் போச்சு என்றுதான் நினைத்தான், பாவி. அன்று ராத்திரியே இசக்கிமுத்து போய்ச் சேர்ந்துவிட்டான். இவளுக்குத் தெரிந்தால் இவள் முகத்தில் எப்படி முழிப்பது?

கிரீச். கிரீச்.

எண்ணெய் காணாத செயின் சத்தம், இடது பக்கம், ஜன்னலுக்கு ரொம்பக் கிட்டத்தில். ஆக்சிலேட்டரை மிதித்தான். சத்தமும் வேகம் எடுத்தது. கண்ணாடியில் பார்த்தான். யாருமில்லை.

எதிரே ஒரு பஸ், டிம் பண்ணாமல் வந்தது. கண்ணே அவிந்துபோனது. ஒன்றும் தெரியவில்லை. ரோடு தெரியவில்லை. செயின் சத்தம் இப்போது நேர் முன்னால். பம்பருக்கு முன்னால்.

"ஏசப்பா!"

பிரேக். வேன் குலுங்கி நின்றது. பஸ் போய்விட்டது. சத்தமும் நின்றது. ரோடு காலி.

காளீஸ்வரி ஜன்னலுக்கு வெளியே குனிந்து யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை, அலுப்புதான்.

"யார்ட்ட தாயி பேசுத?"

"அவியட்டதான். பட்டைய உரிச்சது நீங்கதான்னு சொல்லுதாவ. மெய்யாண்ணே?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பொறவு, தன்னை அறியாமலே, "ஆமா தாயி" என்றான்.

அவள் அழவில்லை. ஏசவில்லை. வெளியே காதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். தலையை ஆட்டினாள்.

"இருட்டுல சைக்கிள் மிதிக்க அவியளுக்குப் பயமா இருக்காம். இனிமே தினம் வேன்லயே வாராவளாம்."

கிளாட்வின் உள் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். கதவு பூட்டித்தான் கிடந்தது. காளீஸ்வரி ஜன்னலோரம் நகர்ந்து, முந்தானையை ஒதுக்கி இடம் விட்டாள். அவளுக்குப் பக்கத்தில், ரெக்சின் சீட் ஓர் ஆள் கனத்துக்கு மெல்ல அமுங்கியது.