கிடங்கு சர்வரிலிருந்து

காலை ஒன்பதரைக்கு, வந்த மெயில்களின் கணக்கைக் காட்டும் திரையில் கிடங்கு என்ற பெயருக்கு எதிரே ஒன்று என்ற எண் நின்றது. எழுபது நாளாகச் சுழியாக இருந்த இடம் அது.

கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் நல்ல வெயில். பக்கத்து மேசைகளில் நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ தும்மும் சத்தம், கோப்பையில் கரண்டி கலக்கும் சத்தம். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது, மூக்கில் ஏறிய அந்த நாற்றத்தைத் தவிர. ஈரத்துணியை நாள்கணக்கில் பையில் மூடி வைத்துத் திறந்தால் வருமே, அதோடு இறைச்சி கழுவிய தண்ணீரும் சேர்ந்த மாதிரி, கொஞ்சம் தித்திப்பாக ஒரு நாற்றம்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் தபாலக்கா. தலைமை அலுவலகம், துறைமுகம், மலையடிவாரம், கிடங்கு என்று நான்கு இடத்தில் அலுவலகம், நான்கிலும் ஒவ்வொரு மெயில் சர்வர், அத்தனைக்கும் அவள் ஒருத்திதான். ஒன்று படுத்துவிட்டால் மற்ற மூன்றும் அதன் மெயில்களை வாங்கி வைத்திருந்து எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எந்த வழி அடைத்தாலும் வேறு வழியாக வந்துவிடும் என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வாள்.

கிடங்கு அலுவலகத்தை மூடியாகிவிட்டது. மூன்று மாதம் கழித்துச் சாமான்களை எடுக்க ஆள் வரும்வரை சர்வர் சும்மா ஓடட்டும் என்று உத்தரவு. அங்கிருந்து ஒரு மெயிலும் வெளியே போகாதபடி அவள் கையாலேயே அடைத்திருந்தாள். சர்வர் அறைக் கதவையும் இங்கிருந்தபடியே பூட்டியிருந்தாள். அங்கே மெயில் எழுத ஆளும் கிடையாது.

துடைப்பத்தோடு போன துப்புரவு அம்மாவை நிறுத்தினாள்.

"இங்க எலி எதுவும் செத்துக் கிடக்கா பாருங்கம்மா."

"எலியா? எனக்கு ஒரு வாசனையும் வரலையே. நேத்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவாமப் போயிட்டீங்களா, அதைத் திறந்து பாருங்க மொதல்ல" என்று சிரித்துவிட்டு அவர் போனார்.

டப்பா சுத்தமாகத்தான் இருந்தது. அவள் மெயிலைத் திறந்தாள்.

"மேடம், சோதனை. வந்துச்சா? கதவு தானாச் சாத்திக்கிச்சு. கொஞ்சம் திறந்து விடுங்க."

தேதி, எழுபது நாளுக்கு முந்தியது. அவள் அந்தக் கதவைப் பூட்டிய அதே நாள்.

ஒவ்வொரு இடத்திலும் காவலாளி தினமும் காலையில் சர்வர் அறைக்குப் போய், அங்கிருக்கும் கீபோர்டில் ஒரு வரி தட்டி அவளுக்கு அனுப்ப வேண்டும். வந்தால் எல்லாம் ஓடுகிறது என்று அர்த்தம். அவள்தான் கற்றுக்கொடுத்தாள். கிடங்குக் காவலாளி ஐம்பது தாண்டியவர், ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டுவார். கிடங்கை மூடிய மறுவாரம், ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளும் தலையாட்டினாள்.

அறையைத் தூரத்திலிருந்து பூட்டுவதற்கு ஒரு விதி உண்டு. காவலாளி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, போனில் 'காலி' என்று சொல்ல வேண்டும். அதைப் படிவத்தில் எழுதிய பிறகுதான் பூட்டலாம். பூட்டிய அன்றைக்கு அவள் கூப்பிட்டபோது அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. போனைக் காவல்கூண்டில் சார்ஜில் போட்டுவிட்டு, மத்தியான வெயிலுக்குச் சர்வர் அலமாரிக்குப் பின்னால் ஏசியில் உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். அது அவளுக்குத் தெரியும், ஒருமுறை திட்டியும் இருக்கிறாள். உள்ளிருந்து கதவைத் திறக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை என்று அவர் இரண்டு தடவை சொன்னதும் தெரியும். ஆனால் ஐந்து மணி ரயிலில் தங்கை வருகிறாள், ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். 'காவலாளியிடம் பேசினேன், அறை காலி' என்று படிவத்தில் எழுதிவிட்டுப் பூட்டினாள். இரண்டாம் நாளே சந்தேகம் வந்தது. வந்ததை அமுக்கிக்கொண்டாள். அப்போதே யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் படிவம் பொய் என்று தெரிந்துவிடுமே என்ற பயம்.

எண் ஒன்பதாகியிருந்தது.

"மேடம், சோதனை. ராத்திரி பூரா கதவைத் தட்டினேன். தண்ணி இல்ல. ஏசி குழாய்ல சொட்டுறதை நக்கிக்கிட்டேன். தப்பா நினைக்காதீங்க."

"மேடம், சோதனை. நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கிச்சு. வந்துச்சா?"

பன்னிரண்டாம் நாள் தேதியிட்டது அடுத்தது. "மேடம், சோதனை. நேத்திலேருந்து மூச்சு விடலை. வேலையில ஒரு குறையும் இல்ல."

அவள் அதை மூன்று தடவை படித்தாள். எச்சில் ஊறி ஊறி வந்தது. குப்பைக்கூடையை இழுத்துத் துப்பினாள். படிக்காமல் விட்டுவிடலாம்தான், ஆனால் கை அடுத்ததைத் திறந்தது.

"மேடம், சோதனை. வயிறு ஊதியிருந்துச்சு, இன்னிக்கு வெடிச்சிருச்சு. தரையில ஓடுது. ஒயர் நனையாம ஓரமா ஒதுக்கி வச்சிருக்கேன்."

"மேடம், சோதனை. தோல் கழண்டு வருது. கீபோர்டுல ஒட்டுது. துடைக்கத் துணி இல்ல. மன்னிக்கணும்."

செத்தவர் மேல் இரக்கம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது. அப்படி வந்ததை நினைத்து இன்னும் அருவருப்பு. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழித்தாள்.

எண் சுழியானது. மூச்சு விட்டாள்.

துறைமுகம்: முப்பத்தொன்று.

அதே மெயில்கள். துறைமுக சர்வர் வாங்கி வைத்துக்கொண்டு அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வழியை அடைத்தாள். அழித்தாள். மலையடிவாரம்: ஐம்பத்திரண்டு. அதையும் அடைத்தாள். மறுபடி கிடங்கு. அறுபத்தெட்டு. அழி. துறைமுகம். அழி. கீபோர்டுப் பொத்தான்கள் விரலோடு ஒட்டின. எடுக்கும்போது பிசுக்கென்றன. குனிந்து பார்க்கவில்லை. புடவையில் துடைத்தாள். அழி. இன்னும் ஒட்டியது. நாற்றம் இப்போது விரலிலிருந்தே வந்தது. அழி. அழி.

கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. இன்றைய தேதி.

"மேடம், சோதனை. இன்னிக்கு என் வீட்டுக்காரி அங்க வருவா. என்னால வர முடியல. நீங்களே சொல்லிருங்க."

மேசைப் போன் அடித்தது. வரவேற்பறைப் பெண்.

"அக்கா, அந்த வாட்ச்மேன் சம்சாரம் மறுபடி வந்திருக்காங்க. வாரா வாரம் வந்து விசாரிப்பாங்க, இன்னிக்கு அழுதுட்டே உக்காந்திருக்காங்க, பாக்கவே பாவமா இருக்கு. கடைசியா அவர்கிட்டப் பேசினது நீங்கதான்னு படிவத்துல இருக்காமே? உங்ககிட்ட அனுப்பிட்டேன்."

அந்த மெயிலையும் அழித்துவிட்டு நிமிர்ந்தபோது, மெலிந்த ஓர் அம்மாள் எதிரே நின்றிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"கடைசியா உங்ககிட்டதான் பேசினாராம்மா?"

"ஆமா."

"என்னம்மா சொன்னாரு?"

சொல்ல ஒரே ஒரு வரிதான். கிடங்குக் கதவைத் திறக்கச் சொன்னால் போதும், இந்த அம்மாளின் எழுபது நாள் தவிப்பு இன்றே முடியும். ஆனால் படிவத்தில் இருப்பது அவள் கையெழுத்து. அப்புறம் போலீஸ், கோர்ட்டு, தங்கை முகத்தில் எப்படி விழிப்பது?

"அறை காலின்னு சொன்னாரு. அவ்வளவுதான்."

"குரல் எப்படி இருந்துச்சு? என்மேல ஏதாச்சும் கோவமா இருந்தாரா? அன்னிக்குக் காலையில சும்மா ஒரு வாய்ச்சண்டை..."

"கோவமெல்லாம் இல்லம்மா. நல்லாத்தான் பேசினாரு. எங்க போனாருன்னு எனக்குத் தெரியாது. மனசைத் தேத்திக்கங்க."

ஆறுதலாக அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். பிறகு கையை எடுத்தாள்.

எடுத்த இடத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பாலாடை மாதிரி மெல்லிசாக, ஈரமாக, பழுப்பாக. உள்ளங்கை அகலம் இருக்கும்.

அந்த அம்மாள் கத்தவில்லை. அதை நகத்தால் மெல்ல எடுத்து மேசைமேல் வைத்து, சுருக்கத்தைக் கட்டைவிரலால் நீவி விட்டார். பழுப்பில் பச்சை நிறக் கோடுகள் தெரிந்தன. பச்சை குத்திய எழுத்துகள். குனிந்து, எழுத்துக்கூட்டி, உதடு அசையப் படித்தார்.

"இது என் பேரு" என்றார். "அவரு முன்கையில இருக்கும்."

தபாலக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். அந்த அம்மாள் அவள் கையைப் பற்றித் திருப்பினார். உள்ளங்கை முழுக்க, விரலிடுக்கு முழுக்க, முழங்கை வரைக்கும் அதே பழுப்பு, அடுக்கடுக்காக.

பிடியை விடாமல், கிழிந்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு அந்த அம்மாள் ஒவ்வொன்றாக உரித்து மேசையில் பரப்பத் தொடங்கினார். எது வரைக்கும் காவலாளியின் தோல், எங்கிருந்து தன்னுடையது என்று தபாலக்காவுக்கே தெரியவில்லை. அந்த அம்மாள் உரித்துக்கொண்டே இருந்தார்.