ஒட்டுத் தெரியாத சுவர்

தேவநாதன் திரையைச் சட்டை நுனியால் துடைத்தான். கறை போகவில்லை. திரையில் இருந்தது ஒரே சுண்ணாம்புச் சுவர்த் துண்டின் நாற்பத்தெட்டு நகல்கள். பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினால் ஒட்டுத் தெரியாமல் பேனர் முழுக்கச் சுவராகப் பரவும். எல்லாம் நகல் என்றால் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்க வேண்டும்? மூன்றாம் வரிசையில் ஒன்றில் மட்டும் ஐந்து கோடுகள், மேலிருந்து கீழே இழுபட்டு நின்றன.

ஒட்டுத் தெரியாத பின்னணி செய்வதில் திண்டிவனத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். வேறு யாரும் சொன்னதில்லை. கல்யாண பேனரில் மாப்பிள்ளையைப் பார்க்கிறவர்கள் மாப்பிள்ளைக்குப் பின்னால் இருக்கும் சுவரையா பார்ப்பார்கள்?

பின்னால் நாற்காலியில் பெரியசாமி காத்திருந்தார். பிரம்மதேசத்துக்காரர், பொன்னியின் புருஷன். பொன்னி இந்த ஃப்ளெக்ஸ் கடையைக் கூட்டித் துடைத்தவள். நாளைக்கு அவளுக்குக் காரியம். கண்ணீர் அஞ்சலி பேனர் இலவசம் என்று முதலாளி கிருஷ்ணசாமி பெரிய மனசோடு சொல்லியிருந்தார். அந்தப் பெரிய மனசை நினைத்தாலே தேவநாதனுக்குப் பல் நறநறத்தது.

பிரிண்டரை நிறுத்தாமலே ஈரத் துணியால் துடைக்கச் சொன்னதும் அதே மனசுதான். ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டவள், இங்க் அப்பிய உள்ளங்கையால் சுவரைப் பிடித்தபடியே சரிந்தாள். படிக்கட்டில் மயங்கி விழுந்ததாக எழுதிக்கொடுத்தார்கள். விழுப்புரத்து இன்சூரன்ஸ்காரருக்கு அன்றைய தேதி போட்ட கடைப் படம் வேண்டுமாம். சுவரில் அவள் கைத்தடம் தெரிந்த படத்தை நீட்டி, “இத்த கிளீன் பண்ணிக் குடுப்பா, ஜல்தி” என்றார் முதலாளி.

பக்கத்துச் சுவரிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தடத்தின்மேல் அப்பினான் தேவநாதன். ஒரு நிமிட வேலை. சுத்தமாக வந்திருக்கிறதே என்று அந்தச் சுவரைப் பின்னணிகளோடு சேர்த்தும் வைத்தான். அப்படியொரு தொழில் பக்தி! இன்றைக்கு அவசரத்தில் திறந்ததும் அதைத்தான். முதலாளி மேல் துப்ப வேண்டும் போலிருந்தது; அதற்கு முன்னால் தன்மேல்.

“தம்பி,” என்றார் பெரியசாமி. “அவ படிக்கட்டுலதான் வுழுந்தாளா? நீ கூட இருந்தியாமே.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி தலை நிமிர்ந்தது.

“ஆமாங்கண்ணே.”

திரையில் இப்போது பன்னிரண்டு கைகள்.

பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே மே மாத வெயில் வெள்ளையாய்க் கிடக்க, உள்ளே பிரிண்டரின் தலை சர்ரக் சர்ரக்கென்று இடமும் வலமும் போய்வந்துகொண்டிருக்க, மூக்கை எரிக்கும் இங்க் வாடைக்கு அடியிலிருந்து, அன்றைக்கு வந்த அந்த மயிர் கருகிய நாற்றம் மெல்ல மெல்ல மேலே வந்தது. அவன் ஒரு கையை அழித்தான். பக்கத்துச் சுவரை எடுத்து அப்பினான். அப்பிய இடத்தில் இரண்டு கைகள். மறுபடி அப்பினான். நாலு. விரல்கள் நீண்டிருந்தன. நகல் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதலாக.

“வலிச்சிருக்குமா தம்பி? வூட்ல பொண்ணு கேட்டுக்கினே இருக்கா. நான் இன்னான்னு சொல்றது?”

“ஒரே செகண்டுதான்யா, பாவம், வலியே தெரிஞ்சிருக்காது,” என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து கிருஷ்ணசாமி பதில் சொன்னார். பூப்போல.

போதும்.

அந்தப் பூப்போன்ற குரல்தான் அவனைப் பற்றவைத்தது. வேலை போகட்டும். போலீஸ் வரட்டும். படத்தை அழித்தது நான்தான் என்று சேர்த்தே சொல்லிவிடலாம். ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தான். அண்ணே, கொன்னது இந்த ஆளுதான்.

சத்தம் வரவில்லை.

கரண்ட் போனது. பிரிண்டர் நின்றது. திரை கறுத்தது.

அதில் அவன் முகம். மூக்குக்குக் கீழே, வாய் இருந்த இடத்தில், கன்னத்துத் தோல். தாடை வரைக்கும். வழவழவென்று. இடது கன்னத்து மச்சம் அங்கேயும் ஒன்று. விரலால் தடவினான். ஒட்டு எங்கேயும் தட்டுப்படவில்லை. உள்ளே நாக்கு மட்டும் தோலை முட்டி முட்டித் திரும்பியது.

அவன் முதுகுக்குப் பின்னால் பெரியசாமி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, பதிலுக்குக் காதைக் கொடுத்தார்.