வெளிச்சத்தில் நின்ற பியானோக்காரன்

“யாருங்க அங்க? இந்த விளக்கையெல்லாம் கொஞ்சம் அணைக்கிறீங்களா? இரைச்சல் தாங்கல!”

மேடையில் நின்று கத்தியவனை மேவ் நிமிர்ந்து பார்த்தாள். அவன் தோளில் ஒரு கருவிப் பை... நெற்றியில் ஹோபார்ட் நகரத்து மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“விளக்கு எங்கயாவது சத்தம் போடுமா?” என்றாள், அரங்கின் கடைசி வரிசையில், விளக்குகளை இயக்கும் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே.

“அதுக்குள்ள ஓடுற ஃபேன் போடுதே! நான் பியானோவுக்குச் சுருதி சேர்க்கணும். சத்தமே இருக்கக் கூடாது.”

“எனக்கு இந்த விளக்கெல்லாம் வேணும். இன்னைக்கு ராத்திரி நாடகம். ஒவ்வொரு காட்சிக்கும் வெளிச்சம் அமைச்சுப் பதிவு பண்ணணும்.”

“பட்டனை அழுத்துற வேலைதானே... காத்திருக்கக் கூடாதா?”

“கம்பியை முறுக்குற வேலைதானே... உங்களுக்கென்ன அவசரம்?”

அவன் சிரித்துவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சிரிப்பு. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மேடையில் யாராவது நின்றால்தான் முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறதென்று தெரியும். அன்றைக்கு நிற்க வேண்டியவருக்குக் காய்ச்சல். மேவ் கொஞ்சம் யோசித்தாள்.

“ஒண்ணு செய்வோம். நீங்க எனக்காக நில்லுங்க. முடிஞ்சதும் எல்லாத்தையும் அணைச்சுடறேன்.”

“சரி. நான் லாக்லன், லான்செஸ்டன்லேர்ந்து வர்றேன். கண்ணு கூசுது, உங்க முகமே தெரியல!”

“நான் மேவ். என் முகம் எதுக்கு? வலப் பக்கம் ரெண்டடி தள்ளுங்க.”

தள்ளி நின்றான். அவள் விரல் பலகையின் மேல் மெல்ல நகர்ந்தது. மேடையில் இளமஞ்சள் பரவியது. அவன் கையை விரித்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான்...

“அட... இது என்ன வெளிச்சம்?”

“விடியக்காலம்.”

“இன்னைக்குக் காலையில நான் பார்த்த விடியல் இப்படி இல்லையே!”

“இந்தக் குளிர்ல எந்திரிச்சு விடியல் பார்த்தீங்களா? பொய்!”

“பொய்தான்,” என்றான், கூச்சமே இல்லாமல்.

அவன் கண் சாம்பலா, பச்சையா? நாடகத்துக்கு இது தேவையே இல்லை. ஆனாலும் மேவுக்குத் தெரிந்தாக வேண்டும் போல இருந்தது. கொஞ்சம் நீலம் கூட்டினாள்... மஞ்சளைக் குறைத்தாள்... பச்சை! மழையில் நனைந்த இலைப் பச்சை. கை தன்பாட்டில் பதிவுப் பட்டனை அழுத்தியது.

சொன்னபடி எல்லாவற்றையும் அணைத்தாள். பியானோவின் மேல் ஒரு சின்ன விளக்கு மட்டும். அவன் குனிந்து, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினான். மேவ் பதிவுகளைச் சரிபார்த்தாள்.

நாடகத்தில் தகப்பன் சாகும் காட்சிக்கான பதிவு போய்விட்டது! அது இருந்த இடத்தில், அவன் கண்ணுக்காகப் போட்ட வெளிச்சம் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் பாடுபட்டு அமைத்த இருள்... மீட்க வழியில்லை. மறுபடி ஒருவரை நிறுத்தித்தான் அமைக்க வேண்டும்.

வெளியே காபி குடித்துக்கொண்டிருந்த இயக்குநரைக் கூப்பிட்டால் வந்து நிற்பார். இவனிடம் போய்ச் சொல்வதா? பட்டனை அழுத்துகிற வேலைதானே என்றவனிடம், அந்தப் பட்டனையே தப்பாக அழுத்திவிட்டேன் என்று? மானம் போகும். பேசாமலிருந்தால் அவன் போய்விடுவான். மறுபடி எப்போது வருவானோ...

எழுந்தாள். கால் தானாக மேடைப்படி ஏறியது. லாக்லன் தலை தூக்கிப் பார்த்தான். முதன்முறையாகத் தெரிந்த அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“நீங்கதானா அது?”

“ஒரு காட்சியை அழிச்சுட்டேன். இன்னொரு தடவை நிக்கணும்.”

“வேற ஆளே இல்லையா?”

“இருக்காங்க.”

“அப்புறம் நான் எதுக்கு?”

மேவின் முகம் சூடாகியது. போகட்டும், மானம் என்ன மானம்!

“உங்களையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அதனாலதான் தப்பு நடந்துச்சு. இன்னும்... பார்க்கணும் போல இருக்கு.”

ஐயோ, அவசரப்பட்டுவிட்டோமோ? லாக்லன் பியானோ மூடியை மெதுவாகச் சாத்தினான்.

“மேவ்... இந்தப் பியானோ வேலை முடிஞ்சு அரை மணி நேரமாச்சு. இருட்டுல நீ உட்கார்ந்திருக்கேன்னு தெரியும். கிளம்ப மனசு வராம சும்மா தட்டிக்கிட்டு இருந்தேன்.”

எழுந்து மேடை நடுவில் போய் நின்றான்.

“எங்க நிக்கணும், சொல்லு.”