தம்பூராக்காரி முன்னால் வந்தாள்!

"வடிவூ...!"

செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுப் படியில் ஒரே ஒரு அலறல்.

அப்புறம் தொபீரென்று தண்ணீர்ச் சத்தம். அதற்கப்புறம் அதுவும் இல்லை.

மேல் படியில் வடிவு நின்றிருந்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது... தள்ளின கை!

கால் கழுவக் குனிந்த தாட்சாயிணியைக் காணோம். ரங்கூன் தாட்சாயிணி! பர்மாவில் அவளுடைய இசைத்தட்டு சுற்றாத தமிழ் வீடு கிடையாது.

வடிவு? அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து தம்பூரா மீட்டுகிறவள். ஒரே ஒரு முறை மேடையில் வாய் திறந்து கூடப் பாடிவிட்டு, அத்தனை பேர் முன்னால் "நீ சும்மா இரு" என்று அவளிடமே அதட்டு வாங்கியவள். அதை அவள் மறக்கவே இல்லை.

வருடம் 1938. பர்மாவைத் தனி நாடாகப் பிரித்துவிட்டிருந்தார்கள். ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்த இந்த இரண்டு பெண்களுக்கும் மெட்ராஸ் அந்நிய தேசம்தான். பூந்தமல்லி பணக்காரர் பரந்தாமன், ஏரிக்கரையிலிருந்த தன் பங்களாவில் ஒரு மாத சங்கீத முகாம் ஏற்பாடு செய்திருந்தார். சிலோன், மலாய், பர்மாவிலிருந்து வித்வான்கள் வந்து அங்கேயே தங்கி, சாப்பிட்டு, பாடலாம்.

அவருக்குத் தாட்சாயிணியின் குரல்தான் தெரியும். முகம் தெரியாது!

அதுதான் வடிவின் புத்தியைக் கெடுத்தது.

'கத்து... யாரையாவது கூப்பிடு...' என்றது மனசு.

கால்கள் பங்களாவைப் பார்த்து நடந்தன. பாவி!

வாசலிலேயே பரந்தாமன் கைகூப்பினார்.

"வாங்கம்மா, வாங்க. பெட்டியெல்லாம் காலையிலயே வந்துடுச்சு. ரங்கூன் தாட்சாயிணி அம்மாதானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இப்போது ஓடினால்கூட ஒருவேளை காப்பாற்றிவிடலாம்...

"ஆமா," என்றாள் வடிவு.

"கூட ஒரு பொண்ணு வரும்னாங்களே... வடிவு?"

"அவளுக்கு... ஜுரம். மெட்ராஸ்ல சொந்தக்காரங்க வீட்ல படுத்திருக்கா."

"அடடா." பரந்தாமன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "நீங்க அவ்வளவு தூரம் சொல்லி அனுப்பிச்சிருந்தீங்க. அந்தப் பொண்ணுக்கு ஒருநாள் தனியா கச்சேரி வைக்கணும்னு. நானும் ஏற்பாடு பண்ணிட்டேன்."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்... அப்படியா சொன்னேன்?"

"மறந்துட்டீங்களா? என்னைவிட நல்லா பாடுவா, இப்பவே சொன்னா பயந்துடுவா, அங்க வந்து நானே சொல்றேன்னு சொல்லி விட்டீங்களே."

வடிவு தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"கப்பல் அலுப்பு," என்றார் பரந்தாமன். "போய்ப் படுங்கம்மா."

எங்கே படுப்பது? கண்ணை மூடினால் மதகுப் படி. திறந்தாலும் மதகுப் படி. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தாட்சாயிணி அக்காவின் முதுகுச் சூடு போகவே இல்லை.

சமையற்காரி வேம்புலியம்மாள் காபியோடு வந்தாள்.

"இன்னாமா, மூஞ்சி இப்டி வெளுத்துப் போயிக் கீது? கப்பல் ஒத்துக்கலயா?"

தமிழ்தான். ஆனால் வடிவுக்குப் பாதிதான் புரிந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏரியாண்ட ஒரே கும்பலு. மதகுல வலை போட்டுக்கினு இருந்த துலுக்கானம், ஒரு பொம்பளைய தூக்கியாந்து கரையில போட்டுக்கிறான்."

டம்ளர் சாய்ந்து காபி புடவையில் கொட்டியது. சுட்டது தெரியவில்லை.

"உயிர்... இருக்கா?"

"யாரு கண்டா? பேச்சு மூச்சு இல்லேன்றாங்கோ. போலீஸ்காரரு வந்துக்கிறாரு." வேம்புலியம்மாள் தரையைத் துடைத்தாள். "யாரு பெத்த பொண்ணோ. கூட வந்தவங்க எங்க தேடிக்கினு அழுவுறாங்களோ..."

கூட வந்தவள் அவள் எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தாள்!

சாயங்காலம். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, வித்வான்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

வடிவு உள்ளே வந்தாள். நேராகப் போனாள். உட்கார்ந்தாள்.

கூடம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

"அம்மா," பரந்தாமனின் குரல் இப்போது ஏனோ வறண்டிருந்தது. "அது தம்பூரா போடறவங்க இடம். நீங்க முன்னால உக்காரணும்."

பழக்க தோஷம்! உடம்பெல்லாம் வியர்க்க, எழுந்து முன்னால் வந்தாள்.

முதல் வரிசையில் முறுக்கு மீசையோடு ஒரு ஆள்.

"பூந்தமல்லி சப்-இன்ஸ்பெக்டர் வரதன்," என்றார் பரந்தாமன். "சங்கீதப் பைத்தியம். ஏரிக்கரை கேஸை முடிச்சிட்டு நேரா வர்றார்."

"முடிஞ்சுதா...?"

"கால் வழுக்கி விழுந்த கேஸும்மா," என்றார் வரதன். "எழுதியாச்சு. நீங்க பாடுங்க."

தப்பித்தாள்! இனி அவளைக் கேட்க ஆளில்லை. பின்னால் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். தம்பூரா ஒலித்தது. பாடுகிறவர்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை.

கல்யாணி ராகம் எடுத்தாள்.

குரல் எழும்பியது. இத்தனை வருடம் பூட்டிக் கிடந்த குரல்! சிலோன் வித்வான் தலையை ஆட்டினார். "ஆஹா" என்றார் மலாய்க்காரர். மேல் ஸ்தாயியில் போய் நின்றபோது கூடமே மூச்சை அடக்கியது.

'கேட்டீங்களா அக்கா?'

மனசு கேட்டுவிட்டது. அவ்வளவுதான், குரல் உடைந்தது. யாருடைய சபாஷுக்காக இத்தனை வருடம் ஏங்கினாளோ, அவளைத்தான் ஏரியில் தள்ளியிருக்கிறாள்!

பாட்டை நிறுத்தினாள்.

"நான் தாட்சாயிணி இல்ல."

வரதன் பக்கம் திரும்பினாள்.

"நான் வடிவு. எனக்கு ஜுரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அக்கா வழுக்கி விழலை சார். மதகுப் படியில நான்தான்... இந்தக் கையாலதான் தள்ளினேன்."

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தம்பூரா மட்டும் கொஞ்சம் ஒலித்தது. பிறகு அதுவும் நின்றது.

"தள்ளினியா?"

அந்தக் குரல்!

வடிவு திரும்பினாள். ஈரம் காயாத தலை. யாரோ கொடுத்த சின்னாளப்பட்டிச் சேலை. மடியில் தம்பூரா...

தாட்சாயிணி!

"முதுகுல பட்டது பிடிக்க வந்த கைன்னு நினைச்சு, பாசி வழுக்கிச்சுன்னு நானே சப்-இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டு வந்தேனேடி." அவள் உதடு துடித்தது. "நான் செத்துட்டேன்னு பயந்துபோய்தான் நீ என் பேரைச் சொல்லிட்டியாக்கும்னு நினைச்சேன். பொய்யா என் பேரைச் சொன்னதுக்கு எல்லாரும் உன்னைப் பிடிக்கணும்னாங்க. முதல்ல பாடட்டும், நான் கேக்கணும்னு நான்தான் தடுத்தேன்."

"அக்கா..."

"நல்லா பாடினே. அதைச் சொல்லத்தான் இங்க உக்காந்தேன்."

வடிவு அவள் காலில் விழுந்தாள். தாட்சாயிணி காலை இழுத்துக்கொண்டாள்.

வரதன் எழுந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஏரிக்கரை கேஸ் நோட்டைப் பிரித்தார்.

"கல்யாணி ரொம்ப அருமைம்மா. ஆனா எனக்கு அந்தக் கடைசி வரிக்கு மட்டும் ஒன்ஸ் மோர்!"