கட்டிலுக்கடியில் கரி

"மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி ஃபில்டர்ல இருக்கிற கரியை வெளிய எடுக்கணும்னு எத்தனை தடவை சொல்றது? சுவத்துக்கிட்டயா சொன்னேன்?"

"நான் என்ன உங்க மீனுக்கு நர்ஸா? ஊத்தச் சொன்னீங்க, ஊத்தினேன்!"

"ஊத்தினதை எல்லாம் கரி குடிச்சிடுச்சு! காலையில நீலமா இருந்த தண்ணி இப்போ கண்ணாடி மாதிரி நிக்குது. மீன் உடம்புல வெள்ளைப்புள்ளி அப்படியே இருக்கு, பாரு!"

"அண்ணி," என்று உள்ளறையிலிருந்து மூன்றாவது குரல் பாய்ந்தது, "அந்த மருந்தை எனக்குக் குடுத்திருந்தா நான் இந்நேரம் எழுந்து ஓடியிருப்பேன்!"

அந்தக் குரலுக்குத் தெருவில் ஸ்பீக்கர் என்று பெயர். மனைவியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த மீன்காரரின் தங்கை. மீன்காரர் மீன் விற்பவரில்லை. கூடத்தில் பெரிய தொட்டி வைத்து, பெற்ற பிள்ளைக்குப் பார்ப்பதுபோல் பார்ப்பவர், அதனால் அந்தப் பட்டம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள் ஸ்பீக்கர். மூக்குக்கண்ணாடிக்கடைக்காரரோடு நிச்சயமாகியிருந்த கல்யாணம் தள்ளிப்போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா வேறு இடம் பார்க்கலாமா என்று முணுமுணுக்கத் தொடங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

மீன்காரர் ஃபில்டரைத் திறந்து, கறுப்பு மணிகள் நிறைந்த வலைப்பையைச் சொட்டச் சொட்ட எடுத்து மனைவி கையில் வைத்தார். "நிறத்தைக் குடிக்கும், நாத்தத்தைக் குடிக்கும், மருந்தையும் குடிக்கும். ஓரளவுக்கு மேல முடியாது, அப்புறம் குப்பைதான். தூக்கிப் போடு."

தீர்ந்த ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி இன்னும் இரண்டு நாள் ஓட்டுகிற கையிடம் போய்த் தூக்கிப் போடச் சொன்னால்? "போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பையை அலசி வெயிலில் காயவைத்து, நாத்தனாரின் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். களிம்பும் வியர்வையும் படுக்கையும் சேர்ந்து புளித்த அந்த அறையின் வாடை, எதிர் வரிசை வீடுகளில் இருக்கிற எங்களுக்கே தெரியும். வரப்போகும் சம்பந்திக்குத் தெரியாமல் போகுமா?

விடிந்தபோது வாடை இல்லை. அவளுக்கு ஒரே பெருமை. நாத்தனாருக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுக்கும்போதுதான் அந்தப் பெருமையில் முதல் கீறல் விழுந்தது. தோல் பிய்ந்து சாறு தெறித்தது, வாசம் வரவில்லை. விரலை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். கூடத்துக்கு வந்து தொட்டியருகே நின்றால் பாசி வாடை வந்தது. மூக்கில் கோளாறு இல்லை. அறைக்குள் திரும்பினாள். ஒன்றுமில்லை. சோப்பு இல்லை, பவுடர் இல்லை, தலையணையில் தலைமயிரின் எண்ணெய்வாடைகூட இல்லை.

அப்புறம் அந்தச் சத்தம். காய்ந்த கரியைத் தண்ணீரில் போட்டால் மெல்லிசாக ஒரு சீறல் எழும். கரி தாகம் தீர்க்கிற ஓசை என்று மீன்காரர் சொல்வார். தரையில் ஒரு சொட்டு ஈரமில்லாத அந்த அறையில், மின்விசிறியின் கடகடப்புக்குக் கீழே, கட்டிலுக்கடியிலிருந்து அதே சீறல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"என் மஞ்சள் நைட்டியை ப்ளீச்ல போட்டீங்களா அண்ணி?"

கேட்டது ஸ்பீக்கர்தான். ஆனால் அண்ணி குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

தெரு முழுக்கப் போகிற குரல், தலையணையைத் தாண்டவில்லை. நைட்டி பழுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஏதோ ஒன்றாக இருந்தது. உதடும் அப்படியே. கணவரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை கூடம்வரை வந்தாள். இரண்டு முறையும் அவர் டார்ச்சோடு குந்தி உட்கார்ந்து மீன் மேல் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தார். "தங்கச்சி குரல் ஒரு மாதிரி இருக்குங்க."

"சந்தோஷப்படு. காது பிழைச்சுது."

கரியைத் தூக்கிப் போடவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த சண்டை. ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடலாம். சம்பந்தி வந்து போகட்டும். அதற்குள் என்ன ஆகிவிடும்?

சனிக்கிழமை மாலை மருந்துக்கடை வரை போய்த் திரும்பியவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். சீறல் கேட்கவில்லை.

குடித்து முடித்த அமைதி.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். கட்டிலைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. மண்டியிட்டுக் கையை நீட்டினாள். பை விரலில் பட்டது. ஈரம். இளஞ்சூடு. இழுத்தாள். நகரவில்லை. இரண்டு கையாலும் இழுத்து மடியில் சாய்த்தாள். கைப்பிடி அளவு கரி, ஓர் ஆள் கனம்.

"அண்ணி."

தெளிவான குரல். பழைய குரல். தெருவுக்கே கேட்கும் குரல்.

கட்டிலிலிருந்து வரவில்லை.

மெல்லத் தலையை நிமிர்த்தினாள். மெத்தையில் நைட்டி. தட்டையாக. அதன் கீழே மாவுக்கட்டு, குதிகால் வரை முழுசாக. அதன் திறந்த வாய் அவள் பக்கம் திரும்பியிருந்தது. அதன் வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது.

மடியில் பை சிரித்தது. "அண்ணி, கால் வலி போயிடுச்சு."

மீன்காரர் போலீசில் எழுதிக் கொடுத்தார். கோபித்துக்கொண்டு போயிருப்பாள் என்றார்கள். மாவுக்கட்டைக் கழற்றி வைத்துவிட்டா என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் கொஞ்ச காலம் காத்திருந்துவிட்டு, கண் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார், நல்ல ஜோடி. மீன்காரர் தொட்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மாற்றல் வாங்கி வேறு ஊருக்குக் குடிபோனார். சாமான் ஏற்றின வண்டியில் அவர் மனைவி முன்னால் உட்கார்ந்திருந்தாள், சிவப்புப் புடவை, மடியில் துணி சுற்றிய ஏதோ ஒன்று. போய் வருகிறேன் என்று எங்களில் யாரிடமும் சொல்லவில்லை. குனிந்து மடியோடு பேசிக்கொண்டிருந்தாள், நடுநடுவே சிரித்தாள், சிரிப்புச் சத்தம்தான் கேட்கவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போது பார்த்தோம். புடவை வெள்ளையாக இருந்தது.