அக்காவின் உள்ளங்கை

அக்கா அவன் நெற்றியில் கை வைத்தபோது அந்தக் கை சுட்டது.

லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்குச் சூடேறிய மோட்டாரைத் தொட்டாலே தெரியும். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கியவன், இப்போது தானே பழுதாகி நடுவில் நிற்கிறான். தொண்டைக்குள் போட்ட குழாய் புஸ் புஸ்ஸென்று காற்றைத் தள்ள, ஸ்பிரிட் நெடிக்கும் பச்சைத் திரைக்கும் நடுவே அவனால் அசைக்க முடிந்தது விரல்களை மட்டும்தான். குழாயைப் பிடுங்கிவிடுவான் என்று மணிக்கட்டுகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள்.

இதய ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் சொல்லியிருந்தார்: "நாலு மணி நேரம் இதயம், நுரையீரல் வேலைய மெஷின்தான் பாக்கும். ரத்தம் வெளிய போய்ச் சுத்திட்டு வரும். அதுல எதிர்ப்பு சக்தி சில நாள் படுத்துடும். சளி, காய்ச்சல்னு யாரையும் கிட்ட சேர்க்காதீங்க. உங்களுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தம். சிலருக்கு அதுகூட வராது."

வீட்டில் பயப்படுவார்களே என்று அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, காதருகே குனிந்தாள். மூச்சு அனலாக அடித்தது.

"வாசல்ல காய்ச்சல் இருக்கான்னு கேட்டாங்கடா. இல்லன்னுட்டேன். உன்னப் பாக்காம திரும்பிப் போவேனா?"

இருமினாள். அவன் உதட்டில் ஈரம் தெறித்தது. அதை விரலாலேயே பாசமாகத் துடைத்துவிட்டாள்.

போ, போ என்று விரல்களை ஆட்டினான்.

"சிஸ்டர், பாருங்க! போகாதேங்குறான்!"

திரைக்கு அப்பாலிருந்து நர்ஸ் சிரித்தாள். "சரிக்கா, அஞ்சு நிமிஷம் கூட இருங்க."

மறுநாள் நெஞ்சு கனத்தது. குழாய்க்குள் ஏதோ களகளவென்றது. உள்ளெல்லாம் குளிர். நர்ஸ் சளியை உறிஞ்சி எடுத்துவிட்டு, சூடு பார்த்தாள்.

"சளிதான் கொஞ்சம் கூடியிருக்கு. காய்ச்சல் துளிகூட இல்ல!"

அவனுக்குப் பயத்தில் கண்ணீர் வழிந்தது. உள்ளே யாரும் சண்டை போடவில்லை.

மணி நாலு. பார்வையாளர் நேரம்.

செருப்புச் சத்தம். இருமல். இன்னும் கிட்டே.

திரை விலகியது. மாஸ்க் தாடையில். கண்கள் சிவந்திருந்தன.

விரல்களை ஆட்டக் கூடாது. ஆட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். இறுக்கி மடக்கிக்கொண்டான்.

அக்கா அந்த மூடிய கையைப் பிரித்து, விரல்களோடு தன் விரல்களைக் கோத்துக்கொண்டாள். மறு உள்ளங்கை கொதிக்கக் கொதிக்க நெற்றியில் இறங்கியது.

"நல்லா ஜில்லுன்னு இருக்கியேடா" என்று முகம் மலர்ந்து, அவன் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டாள்.